நாடியும் வரைதாளும்

திருகோணமலைத் துறை என்றவுடன் கோட்டையும் போர்க்கப்பலுமே நினைவுக்கு வரும். 1639இல் போர்த்துக்கேயரிடமிருந்து அக்கோட்டையைக் கைப்பற்றியவர் ஒல்லாந்தர். 1795இல் அதனை ஆங்கிலேயரிடம் இழந்த பின்னரும், கடலுக்கு அப்பால் சாவகம் பெரும்பாலும் அவர்களிடமே இருந்தது. அச்சாவகத்தின் செமராங் துறையிலே, 1860ஆம் ஆண்டு, படைமருத்துவர் ஒருவரின் மகனாய்ப் பிறந்தவர் வில்லெம் ஐன்தோவன். இதயத்தின் மின்னலைகளைத் தெளிவாகத் தாளில் எழுதச் செய்தவர் அவரே.

அதற்கு முன்னர் இதயத்தின் நடையை அறிய மருத்துவர் பெரிதும் நம்பியது தம் விரலை. தமிழ் வைத்தியர் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்தார். அன்னமும் மயிலும்போல நடப்பது வாதம், ஆமையும் அட்டையும்போல ஊர்வது பித்தம், தவளையும் பாம்பும்போலச் செல்வது ஐயம் என்றார். இவ்வுவமைகளைக் கேட்டு நகைப்போர் உண்டு. நகைக்குமுன் 1899இல் நிகழ்ந்ததை அறிதல் நன்று. வெங்கெபாக் என்னும் ஒல்லாந்த மருத்துவர் இதய மின்வரைபு எதுவுமின்றி, நாடித்துடிப்பின் பதிவை மட்டும் ஆராய்ந்தார். துடிப்புகள் கூட்டங்கூட்டமாய் வந்து, இடையே ஒன்று தவறுவதைக் கண்டார். மேலறையிலிருந்து கீழறைக்குச் செல்லும் தூண்டல் படிப்படியே தாமதித்து, ஒருமுறை சென்று சேராமல் நின்றுவிடுகிறது என்று துணிந்தார். பின்வந்த மின்வரைபு அதனை மெய்ப்பித்தது.

ஆயினும் வெங்கெபாக் செய்தது நாடி பார்த்தல் அன்று. நாடியைக் கோடாக்கி அளத்தல். விரல் உணர்ந்தது விரலோடு போய்விடும். கோடோ மற்றொருவர் முன் வைக்கப்படும். அவர் மறுக்கவும் கூடும்.

1887இல் இலண்டனில் ஓகஸ்தஸ் வொலர் பாதரசக் கருவி கொண்டு மனித இதயத்தின் மின்னலையை முதன்முதல் பதிவுசெய்தார். பதிவு மங்கலாகவே இருந்தது. லெய்டன் நகரில் ஐன்தோவன் வெள்ளி பூசிய படிக நூலைக் காந்தங்களிடையே தொங்கவிட்டு அதனைத் தெளிவாக்கினார். அக்கருவியின் எடை ஏறத்தாழ 270 கிலோகிராம். இயக்க ஐவர் வேண்டும். நோயாளி கைகளையும் ஒரு காலையும் உப்புநீரில் அமிழ்த்தி அமர்ந்திருப்பார். இத்தனை பெரிய கருவியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்வது எங்ஙனம்? 1905இல் அவர் இதயத்துடிப்பையே தொலைபேசிக் கம்பி வழியாக, ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் தொலைவிலிருந்த தம் ஆய்வுகூடத்துக்கு வரவழைத்தார். 1924இல் நோபல் பரிசு அவரை அடைந்தது.

இன்று ஈ.சி.ஜி. என்று யாவரும் வழங்கும் அத்தாளில் ஒரு பெரிய கட்டம் 0.2 விநாடி. ஒழுங்கான இதயமாயின், இரு உயர்முனைகளுக்கு இடைப்பட்ட பெரிய கட்டங்களால் 300ஐ வகுத்தால் நிமிடத் துடிப்பு கிடைக்கும். முனைக்கு முந்திய சிறுமேடு மேலறையின் அடையாளம். அம்மேடு மறைந்து, முனைகளும் முறையின்றி வருமாயின் மேலறை சுருங்காமல் நடுங்குகிறது என்பது பொருள். 1909இல் இலண்டன் மருத்துவர் தோமஸ் லூயிஸ் இதனை மின்வரைபால் நிறுவினார். நடுங்கும் அறையில் குருதி தேங்கி உறையலாம். அவ்வுறைகட்டி மூளையை அடைந்தால் பக்கவாதம். தீங்கற்ற மிகைத்துடிப்பும் விரலுக்குத் தாறுமாறாகவே தோன்றும். மேலறையின் நிலையை மணிக்கட்டு சொல்லாது.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் இன்று சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகிறது. அங்கே பயிலும் மாணவரின் விரலுக்கு நாடி தவறித் தவறி ஓடுவது தெரியலாம். அது எவ்வகைத் தவறு என்று காட்டப் பெரும்பாலும் பத்து விநாடிப் பதிவு போதும். தாளில் அதன் நீளம் 25 சென்ரிமீற்றர்.