அழற்சியை அணைக்கும் எண்ணெய்

மீன் எண்ணெய் மாத்திரை முதலில் இதயத்துக்காகத்தான் பேர் வாங்கியது. 1970-இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் ஓலாஃப் பாங், யோர்ன் டயர்பெர்க் என்ற ஆய்வாளர்கள் கிரீன்லாந்தின் மேற்குக் கரைக்குப் போய், உமானாக் பகுதியில் 130 இனுவிட் மக்களிடம் ரத்தம் எடுத்தார்கள். சீலும் திமிங்கிலமுமாகக் கொழுப்பைத் தின்கிற இவர்களுக்கு மாரடைப்பு ஏன் குறைவு என்பதுதான் கேள்வி. ரத்தத்தில் ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் மிகுந்திருந்தன. அவற்றுள் இ.பி.ஏ. என்பது ரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொண்டு கட்டியாவதைத் தடுக்கும் என்று 1978-இல் எழுதினார்கள்.

கிரீன்லாந்தின் உபர்நாவிக் பகுதியில் 1950 முதல் 1974 வரை வந்த நோய்களின் கணக்கு 1980-இல் வெளியானது. டென்மார்க் நிலவரப்படி 40 மாரடைப்பு வந்திருக்க வேண்டும், வந்தது 3. பக்கவாதமோ எதிர்பார்த்ததைவிடக் கூடுதல். அதே பட்டியலில் சோரியாசிஸும் ஆஸ்துமாவும் அபூர்வம். இரண்டுமே நோயெதிர்ப்பு அணுக்கள் கிளப்பும் அழற்சி அடங்காமல் வருகிற நோய்கள். இது இன்னொரு தடயம்.

விறகு தீர்ந்து அடுப்பு அவிவதுபோல அழற்சியும் தானே தணியும் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். பாஸ்டனில் சார்லஸ் செர்ஹான் அந்தத் தணியும் கட்டத்தையே ஆராய்ந்தார். எலியின் தோலுக்கடியில் காற்றுப்பை உண்டாக்கி, அழற்சியைக் கிளப்பி, ஒமேகா-3-உம் ஆஸ்பிரினும் கொடுத்து, தணிகிற நேரத்தில் ஊறிய நீரை எடுத்துப் பார்த்தார். இ.பி.ஏ., இன்னோர் ஒமேகா-3 அமிலமான டி.ஹெச்.ஏ. இரண்டிலிருந்தும் உடல் புதிதாகச் செய்த பொருள்கள் அதில் இருந்தன. 2002-இல் அவற்றுக்கு ரிசால்வின் என்று பேர் வைத்தார். நியூட்ரோஃபில் எனும் வெள்ளணுக்கள் மேலும் வந்து குவிவதைத் தடுப்பது இவற்றின் வேலை.

இதே அழற்சி மூளையிலும் எழும். பக்கவாதத்தில் கேடு தமனியை அடைக்கும் ரத்தக்கட்டியோடு முடிவதில்லை. அடைபட்ட மூளைத் தமனி திறந்ததும் நியூட்ரோஃபில்கள் உள்ளே பாய்கின்றன. மூளையின் சொந்தக் காவல் அணுக்களான மைக்ரோக்ளியாவும் கிளர்ந்தெழுகின்றன. பிழைத்திருக்கக்கூடிய அணுக்களும் சாகின்றன. நியூ ஆர்லியன்ஸில் நிக்கோலஸ் பசான் குழு எலியின் தமனியை அடைத்துத் திறந்து, டி.ஹெச்.ஏ.யிலிருந்து பிறந்த ஒரு பொருளை மூளைக்குள் செலுத்தியது. வெள்ளணுக்கள் குறைவாகவே நுழைந்தன, சேதப் பரப்பும் சுருங்கியது. அந்த முடிவு 2003-இல் வந்தது.

எலிக்குக் கிடைத்த பலனை அப்படியே மனிதருக்கு எழுதிவிட முடியாது. 25,871 பேரை ஐந்தாண்டுக்கு மேல் தொடர்ந்த அமெரிக்காவின் வைட்டல் ஆய்வில், தினமும் ஒரு கிராம் ஒமேகா-3 பக்கவாதத்தைக் குறைக்கவில்லை என்று 2018-இல் தெரிந்தது. ஆனால் அது நலமாக இருந்தவர்களுக்குப் பக்கவாதம் வராமல் தடுக்குமா என்று பார்த்த ஆய்வு. வந்தபின் மூளையில் எழும் அழற்சியை அணைக்குமா என்பது வேறு கேள்வி. மாத்திரை டப்பாவில் அதற்கு விடை தேட வேண்டாம். வாய் கோணினால், கை துவண்டால், உடனே மருத்துவமனைக்குப் போவதே இன்றைக்கும் முதல் சிகிச்சை.