தென்னை அகற்றல் (திருப்பூர் வட்டாரம்)

உடுமலை, மடத்துக்குளம், பல்லடம் பகுதிகளில் தென்னை மிகுதி. தோப்பை ஒட்டிப் பனியன் கம்பெனியும் வீடுகளும் மின்கம்பிகளும் வந்துவிட்ட இடங்களில் மரத்தை முழுதாகச் சாய்க்க முடியாது. ஏறி, உச்சியிலிருந்து துண்டுதுண்டாக அறுத்து இறக்க வேண்டும். இதற்குக் காய் பறிக்கும் கருவியே போதும் என்ற எண்ணம் தவறானது. காலில் தளை மாட்டி ஏறுபவரும், கண்ணூர் மாவட்டச் செம்பேரியில் உருவான இரட்டைச் சட்டக் கருவியில் ஏறுபவரும் உச்சியில் சில நிமிடங்களே நிற்கிறார்கள். அறுப்பவரோ இரு கைகளாலும் ரம்பத்தைப் பிடித்தபடி நெடுநேரம் நிற்கிறார். கொண்டை விழுந்ததும் தண்டு எதிர்ப்பக்கம் ஆடுகிறது. எனவே இடுப்புப் பட்டையோடு, ரம்பம் பட்டால் எளிதில் அறாத, எஃகு உள்ளீடுள்ள இரண்டாவது கயிறும் தேவை.

பழகிய கைக்குப் பட்டை இடைஞ்சல், வேலை தாமதமாகும் என்பார்கள். தாமதம் உண்மைதான். ஆனால் பழக்கம் ஏறுபவரின் பிடியை உறுதியாக்குமே தவிர, சிவப்புக் கூன்வண்டு உள்ளே குடைந்த தண்டை உறுதியாக்காது. அத்தகைய மரத்தில் ஏறவே கூடாது. எட்டுமிடத்தில் கிரேன் கூடைதான் வழி. மின்கம்பி அருகிலென்றால் மின்வாரியம் இணைப்பைத் துண்டித்த பிறகே தொடங்க வேண்டும்.

தென்னையின் வலு வெளிவளையத்தில், நடுப்பகுதி மென்மையானது. விழும் பக்கம் ஆப்பு வடிவில் வெட்டி, எதிர்ப்பக்கம் சற்று மேலே அறுத்து, இடையில் கீல்போல ஒரு பட்டையை விட்டுவைக்கும் முறையில், அந்தக் கீலின் இரு ஓரங்களே சுமை தாங்குகின்றன. ஓரத்தை அறுத்துவிட்டால் திசை கைவிட்டுப் போகும். மாமரத்தில் பழகியவர் இதில்தான் ஏமாறுகிறார்.