புள்ளியும் படிமமும்
(கோட்டையூர் நூற்றொகுதியை முன்னிட்டு எழுந்த ஆராய்ச்சி)

ஓலையினின்று அச்சுக்கு நூல்கள் பெயர்ந்த வரலாற்றை அறிஞர் பலர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அச்சினின்று எண்முறைப் படிமத்திற்கு அவை பெயரும் வரலாறோ அத்துணை நோக்கப்பெறவில்லை. முன்னைப் பெயர்ச்சியில் நேர்ந்த பிழைகள் பாடவேறுபாடுகளாய் நம்மை இன்றும் அலைக்கின்றன. பின்னைப் பெயர்ச்சியிலும் அத்தகைய இடர் உண்டா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

1. தொகுதியின் வரலாறு

செட்டிநாட்டில், காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் வாழ்ந்தவர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியராய்த் தொழில் தொடங்கிய அவர், பழைய அச்சுத் தாள்களைத் தேடித் தொகுப்பதையே வாழ்க்கைப் பணியாகக் கொண்டார். நூல்கள், இதழ்கள் மட்டுமன்றி, நாடகத் துண்டறிக்கைகளும் திருமண அழைப்பிதழ்களும் அவர் தொகுப்பில் இடம்பெற்றன. 1992இல் அவர் மறைந்தபோது அத்தொகுதி ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகளைக் கொண்டிருந்தது. 1994இல் சிகாகோப் பல்கலைக்கழகம் அதனை விலைக்கு வாங்கிற்று. எனினும் கடல் கடத்தாது தமிழகத்திலேயே வைத்துப் பேண வழிசெய்தது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தோன்றிய வரலாறு இதுவாகும். அங்கு முதலில் நுண்படச் சுருள்களிலும், பின்னர் எண்முறைப் படிமங்களிலும் நூல்கள் பதிவாயின.

2. படிமம் ஆமாறு

1957இல் அமெரிக்க நாட்டில் ரசல் கிர்ஷ் என்பார் தம் குழந்தையின் நிழற்படத்தைக் கணிப்பொறிக்குள் செலுத்தினார். அப்படிமம் 176 வரிசையும் வரிசைக்கு 176 கூறுகளும் உடையது. இன்றைய படிமத்திற்கும் அடிப்படை அதுவே. தாள் சிறுசிறு கூறுகளாகப் பகுக்கப்படும். ஒவ்வொரு கூற்றின் ஒளியும் 0 (கருமை) முதல் 255 (வெண்மை) வரை ஓர் எண்ணாகும். 5 அங்குல அகலமும் 8 அங்குல உயரமும் உள்ள பக்கத்தை அங்குலத்திற்கு 300 கூறாகப் பகுப்பின் 36 லட்சம் எண்கள் கிடைக்கும். இவ்வெண்களைக் கணக்கிட்டு மாற்றுவதே படிமச் செப்பம்.

செப்ப முறைகளுள் இரண்டு நமக்கு இன்றியமையாதன. ஓர் எல்லையெண்ணுக்கு மேற்பட்டவற்றை வெண்மையாகவும் ஏனையவற்றைக் கருமையாகவும் பிரிப்பது ஒன்று. அவ்வெல்லையைப் படிமத்தினின்றே கணித்தறியும் முறையை ஒட்சு என்னும் சப்பானிய அறிஞர் 1979இல் வெளியிட்டார். மற்றொன்று மாசு நீக்கம். ஒரு கூற்றையும் அதனைச் சூழ்ந்த எட்டையும் ஏறுவரிசைப்படுத்தி, நடுவாகிய ஐந்தாவது எண்ணை அக்கூற்றுக்கு அளிப்பது அதன் ஒருவகை.

3. புள்ளிக்கு நேரும் இடர்

தமிழெழுத்தில் புள்ளி மெய்யின் இலக்கணம். தொல்காப்பியம் இதனை விதித்துள்ளது. ஆயினும் ஓலையில் எழுதியோர் பெரும்பாலும் புள்ளி இட்டிலர். பதிப்பாசிரியர்கள் யாப்பும் பொருளும் நோக்கிப் புள்ளியிட்டு அச்சேற்றினர். ஆகவே அச்சிலுள்ள புள்ளி அவர்தம் உழைப்பின் சான்றாகும்.

அப்புள்ளி அரை மில்லிமீட்டர் அகலமுடையது எனக் கொள்வோம். அங்குலத்திற்கு 100 கூறாகப் படமெடுப்பின் அதற்குக் கிடைப்பது குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு, ஆக நான்கே கூறுகள். மேற்கூறிய மாசு நீக்கத்தில் எந்த ஒன்பது கூறுகளை எடுப்பினும் கருமை நான்கிற்கு மேற்படாது. நடுவெண் வெண்மையே ஆகும். புள்ளி முற்றும் மறையும். 'பல்' என்பது 'பல' என நிற்கும். கறை நீங்கித் தூய்தாய்த் தோன்றும் பக்கத்தில் இப்பிழையைக் கண்டறிதல் அரிது. 300 கூறாக எடுப்பின் புள்ளி குறுக்கே ஏறத்தாழ ஆறு கூறுகள் பெற்று நிலைக்கும்.

4. முடிபு

பழைய மரக்கூழ்த் தாள் நாளும் மங்கி நொறுங்குகிறது. தாள் அழிந்தபின் படிமமே தனிச்சான்றாகும். ஆதலின் செப்பம் செய்யாத முதற்படிமத்தை அவ்வாறே காத்தல் வேண்டும். செப்பப் படியில் செய்த மாற்றங்களைக் குறித்துவைத்தல் வேண்டும். சுவடி ஒப்புநோக்குவோர் மூலவோலையை நாடுவதுபோல, படிமம் கொண்டு பாடம் துணிவோர் முதற்படிமத்தை நாடுக. ஓலைக்காலத்தில் இடப்பெறாத புள்ளியை அச்சுக்காலம் மீட்டது. படிமக்காலம் அதனை மீண்டும் இழத்தல் கூடாது.