தறியும் கணினியும்: பல்லடம் தறிக்கூடங்களுக்கு ஒரு சரித்திரப் பாடம்

சரித்திரம் படிப்பது பழம்பெருமை பேசுதற்கு மட்டுமன்று. நேற்று நடந்தது கண்டு இன்று செய்யத்தக்கது இன்னதெனத் தெளிதற்கும் ஆகும். நம் சங்கத்தைச் சார்ந்த குடும்பங்களுள் பல, பல்லடம் சுற்றுப்புறத்தில் எட்டுத் தறியோ பன்னிரண்டு தறியோ வைத்துக்கொண்டு ஜீவனம் செய்து வருபவை. அக்குடும்பங்களில் இக்காலத்தே அடிக்கடி எழும் கேள்வி ஒன்றுண்டு. “இத்தறிகளை இன்னும் ஓட்டுவதா, அன்றிப் பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிடுவதா?” என்பதே அது. தகப்பனார் ஒன்று சொல்கிறார். படித்த மகன் ஒன்று சொல்கிறான். வீடு இரண்டுபட்டு நிற்கிறது.

“கணினியின் துணைகொண்டு சிறு தொழிலை நிலைநிறுத்தலாம்” என்று இளைஞர் சொல்லுங்கால், பெரியோரிற் சிலர், “கம்ப்யூட்டர் பட்டணத்துப் படிப்பாளிக்கு ஆயிற்று, தறி ஓட்டுகிறவனுக்கு அது எதற்கு?” என்று புன்னகை செய்து விடுகின்றனர். ஆயின் கணினி தறிக்கூடத்துக்கு அந்நியமன்று. அதன் பூர்வீகத்தைத் தேடிப் போனால் ஒரு நெசவாளர் வீட்டு வாயிலிலேதான் போய் நிற்க வேண்டும். அந்த விருத்தாந்தத்தை முதலில் கூறுவோம்.

பிரெஞ்சு தேசத்தில் லியோன் என்பது பட்டு நெசவுக்குப் பேர்போன நகரம். அங்கே 1752-ம் வருஷத்தில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் ஜோசப் மாரி ஜக்கார்டு என்பவர். அந்நாளில் பூவேலைப் பட்டு நெய்வதற்குத் தறியின்மேல் ஒரு சிறுவன் அமர்ந்து, நெய்பவன் சொல்லுகிறபடியெல்லாம் கயிறுகளை இழுத்துக்கொண்டிருப்பான். இவ்வேலையை யந்திரமே செய்யுமாறு முன்னோர் சிலர் முயன்றிருந்தனர். அவர்தம் முயற்சிகளைத் திரட்டி, 1804-ம் வருஷத்தையொட்டி ஜக்கார்டு ஒரு யந்திரத்தை முடித்தார். துளையிட்ட அட்டைகளை வரிசையாகக் கோத்து அதிலே செலுத்தினார். துளையுள்ள இடத்தில் ஊசி புகும், அதற்குரிய பாவிழை உயரும். துளையில்லாத இடத்தில் ஊசி தடைப்படும், இழை தாழ்ந்தே நிற்கும். ‘உண்டு’, ‘இல்லை’ என்ற இரண்டே சொற்களால் மயிலும் மாங்காயும் கொடியும் பூவும் துணியில் வந்து அமர்ந்தன. நம் நாட்டில் பட்டுச்சேலைக் கரைக்கும் முந்தானைக்கும் இன்றளவும் பயன்படும் ‘ஜக்கார்டு பெட்டி’ அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

இவ்வட்டைகளின் அருமையை இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் என்னும் கணித நிபுணர் உணர்ந்தார். சுமார் 24,000 அட்டைகளைக்கொண்டு பட்டில் நெய்யப்பெற்ற ஜக்கார்டின் உருவப்படம் ஒன்றை அவர் தம்மிடம் வைத்திருந்தார். பூவை நெய்யும் அட்டை எண்ணையும் நெய்யாதோ என்பது அவர் எண்ணம். 1830-களில் அவர் வகுத்த பகுப்பாய்வு யந்திரத்துக்குக் கட்டளை இடுவதற்கு அவர் தேர்ந்தெடுத்தது இத்தறி அட்டையே. அவர் காலத்தில் அந்த யந்திரம் முற்றுப்பெறவில்லை. பின்னர் அமெரிக்காவில் ஹெர்மன் ஹோலரித் என்பவர், 1890-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கைத் துளையிட்ட அட்டைகளைக்கொண்டு யந்திரத்தால் எண்ணிக் காட்டினார். அவர் தொடங்கிய கம்பெனி வேறு சிலவற்றோடு சேர்ந்து வளர்ந்ததே பிற்காலத்து ஐ.பி.எம். தறியிலிருந்து புறப்பட்ட அறிவு உலகம் சுற்றி மீண்டும் தறிக்கே வந்தது: 1983-ம் வருஷத்தில் மிலான் நகரத்து யந்திரக் கண்காட்சியில், அட்டைக்குப் பதிலாக மின்னணுவால் இயங்கும் ஜக்கார்டு முதன்முதலாகக் காட்டப்பெற்றது. ஆகவே கணினியைக் கண்டு தறிக்காரர் அஞ்சுவது, வெளியூர் சென்று பெரியவனாகித் திரும்பிய தன் வீட்டுப் பிள்ளையைக் கண்டு அஞ்சுவதை ஒக்கும்.

இந்த விருத்தாந்தத்தில் நாம் கவனிக்க வேண்டிய பிற்பகுதி ஒன்றுளது. ஜக்கார்டு யந்திரத்தால் லியோன் நகரத்து நெசவு பெருகியது. ஆயினும் அந்நகரத்து நெசவாளர் வறுமை தீரவில்லை. ஏனெனில், தறி நெசவாளருடையது. பட்டு நூலோ வியாபாரியுடையது. நூலைக் கொடுத்துத் துணியை வாங்கிக்கொண்டு அளவுக்குக் கூலி கொடுப்பவர் வியாபாரி. 1831-ம் வருஷம் அக்டோபர் மாதம் அரசாங்க அதிகாரியின் முன்னிலையில் ஒரு கூலி விகிதம் ஒப்புக்கொள்ளப்பட்டது. வியாபாரிகளிற் சிலர் அதனைக் கொடுக்க மறுத்தனர். அடுத்த மாதமே நகரத்தில் பெருங் கலகம் மூண்டது. 1834-ல் மறுமுறையும் மூண்டது. யந்திரம் நெசவாளர் வீட்டிலிருந்தும், சந்தையும் கணக்கும் விலையும் வேறொருவர் வீட்டில் இருந்தமையால், யந்திரத்தின் லாபமும் அவ்விடமே சென்றது.

இனி நம் ஊருக்கு வருவோம். கோயமுத்தூரில் ஸ்டேன்ஸ் மில் எனப் பெயர்பெற்ற நூல் ஆலை தோன்றியது 1888-ம் வருஷத்தில். அந்நாளில் யந்திரத்தை ஓட்டும் சக்தி நீராவியே. கொதிகலமும் புகைபோக்கியும் கட்டப் பெருமுதல் வேண்டும். சிறியவன் அதன் அருகில் நெருங்க இயலாது. 1932-ம் வருஷத்தில் நீலகிரியிலே பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதும் கொங்குநாட்டின் நிலைமையே மாறிற்று. நீராவியைக் கூறுபோட்டு வீட்டுக்கு வீடு கொடுக்க முடியாது. மின்சாரத்தைக் கொடுக்க முடியும். 1937-ம் வருஷத்தில் ஜி. டி. நாயுடு அவர்கள் துணையுடன் பாலசுந்தரம் நாயுடு அவர்கள் கோவையிலேயே மின் மோட்டாரைச் செய்து காட்டினார். ஒரு கம்பியும் ஒரு மோட்டாரும் இருந்தால் தோட்டத்துக் கிணற்றில் நீர் இறைக்கலாம். சாளையின் ஓரத்தில் தறியும் ஓட்டலாம் என்ற காலம் வந்தது. மழை பொய்த்துக் கிணறு வற்றிய வருஷங்களில் பல்லடம், சோமனூர்ப் பக்கத்துக் குடியானவர்களுக்கும் நெசவாளர்களுக்கும் ஒருங்கே விசைத்தறி கைகொடுத்தது. கொங்குநாட்டில் சிறு தொழில் பெருகியதற்குக் காரணம், பெரியவனுக்கு மட்டும் எட்டியிருந்த சக்தி, சிறியவனும் வாங்கும்படி சிறு சிறு கூறாகக் கிடைத்ததே.

எனினும் சக்தி பங்கிடப்பட்டதேயன்றி, கணக்கு பங்கிடப்படவில்லை. நம்மவருட் பெரும்பாலார் இன்றும் கூலிக்கு நெய்பவர்களே. பாவும் ஊடை நூலும் ஜவுளி உற்பத்தியாளரிடமிருந்து வருகின்றன. காடாத் துணி அவரிடமே செல்கிறது. கூலி கைக்கு வருகிறது. 2021-ம் வருஷம் நவம்பரில் அரசாங்கத்தார் முன்னிலையில் கூலி உயர்வு பேசி முடிவாயிற்று. அது கொடுக்கப்படவில்லையென்று 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் விசைத்தறிகள் நிறுத்தப்பட்டன. லியோன் நகரத்துக் கதையையும் இதனையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்ப்பவர்க்கு, ஊரும் காலமும் வேறாயினும் வழக்கு ஒன்றே என்பது புலப்படும். உற்பத்தியாளர்களுக்கும் நூல்விலை ஏற்றம், சந்தை மந்தம் முதலிய கஷ்டங்கள் உண்டு. அவர்களைப் பகைவராக எண்ணுவதற்கில்லை. ஆனால் பேச்சுக்கு உட்காரும்போது ஒருவர் கையில் கணக்கும் மற்றவர் கையில் வெறுங்கையும் இருந்தால், அப்பேச்சு சமமாக நடவாது.

இவ்விடத்தேதான் கணினி நமக்கு உதவுகிறது. ஓர் உதாரணம் காட்டுவோம். நிமிஷத்துக்கு 150 பிக் ஓடும் நாடாத் தறியில், அங்குலத்துக்கு 52 பிக் உள்ள துணி நெய்யப்படுகிறதென்று கொள்க. மீட்டருக்கு 39.37 அங்குலம் ஆதலின், ஒரு மீட்டருக்குச் சுமார் 2,047 பிக் ஆகும். பத்து மணி நேரம் தறி நில்லாது ஓடினால் 90,000 பிக். அஃதாவது ஏறக்குறைய 44 மீட்டர். மாலையில் 33 மீட்டரே இறங்கியிருக்குமாயின், காற்பங்கு நேரம், அதாவது இரண்டரை மணி, தறி நின்றிருக்கிறது. அந்த இரண்டரை மணியை விழுங்கியது எது? இழை அறுந்ததா, தார் மாற்றியதா, மின்சாரம் நின்றதா, அடுத்த பாவு வரக் காத்திருந்ததா? தறியில் ஒரு சிறு எண்ணும் கருவியைப் பொருத்தி, அதன் கணக்கைக் கைப்பேசியில் எழுதி வருபவருக்கு விடை தெரியும். இழை அறுந்தது நூலின் குற்றமாயின் நூல் கொடுத்தவரிடம் சொல்லலாம். பாவுக்குக் காத்திருந்த நாட்களைக் கூலிப் பேச்சில் எடுத்து வைக்கலாம். தறியின் கோளாறாயின் மிஸ்திரியை அழைக்கலாம். 1956-ம் வருஷத்தில் கோவையில் நிறுவப்பெற்ற தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமாகிய சிட்ராவின் மூலம், நூல் ஆலைகள் தம் உற்பத்திக் கணக்குகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தம் குறை அறிந்து திருத்திக்கொள்ளும் வழக்கம் நெடுநாளாக இருந்து வருகிறது. ஆலைகளுக்கு நன்மை செய்த அவ்வழி எட்டுத் தறிக்கும் நன்மை செய்யும்.

இரண்டாவது, சட்டத்தின் துணை. 2006-ம் வருஷத்துக் குறு, சிறு தொழிற் சட்டத்தின்படி, வேலையை ஒப்புக்கொண்டவர் பேசிய தவணைக்குள், எப்படியும் 45 நாட்களுக்கு மேற்படாமல், பணம் கொடுக்கக் கடமைப்பட்டவர்; எழுத்துமூலமான தவணை இல்லையாயின் 15 நாட்களே. தவறினால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டுவட்டி சேரும். இவ்வுரிமை, தொழிலை முன்னரே பதிந்து வைத்திருப்பவர்க்கு உரியது. 2020-ம் வருஷம் ஜூலை முதல் இப்பதிவு ‘உத்யம்’ என்ற பெயரால் கணினி வழியே நடைபெறுகிறது. இதற்குக் கட்டணம் இல்லை. கட்டணம் என்று கேட்பவர் எவராயினும் அவரிடம் எச்சரிக்கையாயிருக்க வேண்டும். வழக்கிடுவது நம் நோக்கமன்று. ஆயினும் உரிமை உடையவர் பேசுவதற்கும் இல்லாதவர் பேசுவதற்கும் வித்தியாசம் உண்டு.

மூன்றாவது, சந்தையும் மாதிரியும். முன்னாளில் ஒரு புதிய கட்டத்தையோ டாபிக் கரையையோ காட்டுவதற்குப் பாவு ஓட்டி, விழுது கோத்து, நெய்தே காட்ட வேண்டும். இப்பொழுது கணினித் திரையிலேயே நிறமும் கட்டமும் அமைத்து, தொலைவிலுள்ள வியாபாரிக்கு அனுப்பி, அவர் சம்மதித்த பின்னரே நூல் வாங்கலாம். நூல் விலையை அன்றன்று அறியலாம். ஒரே வகைத் துணிக்கே எல்லோரும் அடித்துக்கொள்வது குறையும்.

எனினும் மிகைபடக் கூறி நம்மவரை மயக்க விரும்பவில்லை. நிமிஷத்துக்கு 150 பிக் ஓடும் தறியைக் கணினி 600 பிக் ஓட வைக்காது. அவ்வேகம் நாடாவில்லாத் தறிக்கே உரியது. அதற்குப் பெருமுதல் வேண்டும். சந்தையில் துணி தேங்கிக் கிடக்கும்போது கணக்கு மட்டும் அதனை விற்றுத் தராது. கடன் வாங்கி, பெருமைக்காகக் கருவி வாங்குவது தகாது. முதலில் ஒரு நோட்டுப் புத்தகமும் ஏற்கனவே கையிலுள்ள கைப்பேசியும் போதும். மூன்று மாதம் கணக்கெழுதிப் பார்த்து, நஷ்டம் எங்கே என்று தெரிந்த பின்னரே அந்த நஷ்டத்தை அடைக்கும் கருவியை வாங்குதல் முறை. மூன்று மாதக் கணக்கைப் பார்த்தபின், “இத்தறிகளை விட்டுவிடுவதே நலம்” என்று தெரிந்தாலும் அதுவும் நன்மையே. கணக்குப் பார்த்துத் தறியை விற்பவர் அடுத்த தொழிலுக்கு முதலோடு போவார். பாராமல் விற்பவர் கடனோடு போவார்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ஜி.எஸ்.டி. வந்த 2017-ம் வருஷம் முதல், நம்மவரிற் பலர் தம் ரகசியச் சொல்லையும் பில்லையும் கணக்கரிடமே விட்டுவிட்டுக் கேட்ட இடத்தில் கையொப்பம் இடுகின்றனர். இது நூலைப் பிறரிடம் விட்டதோடு கணக்கையும் விட்டதாகும். கணக்கர் உதவி வேண்டும். ஆனால் திறவுகோல் நம் வீட்டில் இருக்க வேண்டும். நம் இல்லங்களில் பட்டம் பெற்ற பெண்மக்கள் அநேகர். தாய்மார் தார் சுற்றியும் அறுந்த இழை பிணைத்தும் தொழிலைத் தாங்கினர். கூலி பெறாத அவ்வுழைப்பைக் கணக்கில் எழுதியவர் இலர். அவர்தம் பெண்கள் இன்று கணக்கை ஏற்று நடத்துவாராயின், தாயின் உழைப்புக்கும் அதில் ஒரு வரி கிடைக்கும்.

நம் சங்கத்தார் செய்யத்தக்கது யாது? 1904-ம் வருஷத்தில் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் வந்தபோது, தனித்தனியே கடன் கிடைக்காதவர்களும் சேர்ந்து நின்று பெற்றனர். அம்முறையே இதற்கும் ஏற்றது. சங்கக் கட்டிடத்தில் ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம், கணினி கற்ற இளைஞர் தறிக்காரர்க்கும், தறி கற்ற பெரியவர் இளைஞர்க்கும் ஒருவர்க்கொருவர் கற்பிக்கலாம். பத்துத் தறிக்கூடத்தார் சேர்ந்து தம் பிக் கணக்கைப் பெயரின்றி ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்த வாயில் நம் குலத்தார்க்கு மட்டுமன்றி, நம் தறியில் நிற்கும் தொழிலாளி எவ்வூரினராயினும், அண்டை வீட்டார் எச்சமூகத்தாராயினும், அவர்க்கும் திறந்திருத்தல் வேண்டும். கூலி குறைந்தால் எல்லோர்க்கும் குறைவதே வழக்கம்.

லியோன் நகரத்து நெசவாளரிடம் உலகத்திற் சிறந்த யந்திரம் இருந்தது, கணக்கு இல்லை. பைக்காரா மின்சாரம் நம் முன்னோர்க்குச் சக்தியைத் தந்தது, கணக்கைத் தரவில்லை. அக்கணக்கு இன்று சட்டைப்பையிலுள்ள கைப்பேசி அளவாகி நம் கைக்கு வந்திருக்கிறது. இதனை எடுத்தாள்வதோ, இதனையும் பிறர் கையில் விட்டுவிடுவதோ நம் பொறுப்பு. அடுத்த முறை கூலிப் பேச்சுக்குச் செல்லும் நம்மவர் ஒவ்வொருவரும் தம் தறியின் மூன்று மாதக் கணக்கோடு செல்வாராக என்று வேண்டி, இவ்வியாசத்தை முடிக்கிறோம்.