ஒஸ்தாவின் கத்தியும் விறைப்பூசியும்

நாவற்குடாவிலிருந்து தெற்கே மஞ்சந்தொடுவாயைத் தாண்டினால் காத்தான்குடி. இந்த மட்டக்களப்பு வாவிக்கரையில் பிள்ளைகளுக்கான சத்திரசிகிச்சையின் வரலாற்றை எழுதப் புகுந்தால் சுன்னத்தில்தான் தொடங்க வேண்டும். ஆஸ்பத்திரிகள் வருவதற்கு எவ்வளவோ காலம் முன்பே அது வீடுகளில் நடந்துவந்தது.

செய்தவர் ஒஸ்தா. கிழக்குக் கரை முஸ்லிம் ஊர்களில் பரம்பரையாக அந்தத் தொழிலைச் செய்த குடும்பங்களைப் பற்றி, 1969 தொடக்கம் அக்கரைப்பற்றில் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே எழுதியிருக்கிறார். பிள்ளைக்குப் புதுச் சாரம் கட்டி உட்கார வைப்பார்கள். மாமாவோ மூத்தப்பாவோ பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொள்வார். கண்ணை மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்துவிடும். மயக்க மருந்து கிடையாது, ஒஸ்தாவின் கைவேகம் ஒன்றுதான் பிள்ளைக்குக் கிடைத்த இரக்கம். பிறகு, காயத்தில் உரசாதபடி துணியை மேலே தூக்கிக் கட்டி, நாட்கணக்கில் படுக்க வைப்பார்கள். ஊரின் ஆண் பிள்ளைகள் எல்லாரையும் தொட்ட அந்தக் கைக்கு ஊர் கொடுத்த மதிப்போ மிகக் குறைவு. அது அநியாயம்தான்.

பிள்ளையின் வலியைப் பொருட்படுத்தாத குற்றத்தை ஒஸ்தாவின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. கண்ணில் கொக்கேயின் சொட்டுவிட்டு வலியில்லாமல் அறுக்கலாம் என்று வியன்னாவில் கார்ல் கோலர் காட்டியது 1884இல். 1898இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஓகுஸ்ட் பியர் முதன்முதலாக முதுகுத்தண்டில் ஊசி போட்டு அறுவை செய்த சிலருள் 11 வயதுப் பையனும் இருந்தான். 1909இல் லண்டன் கிரேட் ஓர்மண்ட் ஸ்ட்ரீட் சிறுவர் வைத்தியசாலையின் டிரெல் கிரே, பச்சைக் குழந்தைகளுக்கும் இதே முறையைப் பயன்படுத்தியதை எழுதி வெளியிட்டார். வழி இவ்வளவு முன்பே தெரிந்திருந்தும், பிறந்த குழந்தைக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்ற நம்பிக்கை மேல்நாட்டுப் பெரிய வைத்தியசாலைகளிலேயே 1980கள் வரை நீடித்தது. குறைமாதக் குழந்தைகளுக்கு அசையாமலிருக்க மட்டும் மருந்து கொடுத்து, வலிக்குப் போதியது கொடுக்காமல் நெஞ்சைத் திறந்தார்கள். அந்த நம்பிக்கையை ஆட்டியவர், ஒக்ஸ்போர்டில் ஆராய்ச்சி செய்த இந்திய வைத்தியர் கன்வல்ஜீத் ஆனந்த். வலிமருந்து பெற்ற குழந்தைகளின் உடல் அறுவையை எவ்வளவு நன்றாகத் தாங்குகிறது என்று அவர் 1987இல் நிறுவினார்.

சுன்னத்துக்கான நரம்பு விறைப்பூசியை 1978இல் கிர்யா, வெர்த்மன் என்ற இருவர் பச்சைக் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். உறுப்பின் அடியில், மேற்பக்க நடுக்கோட்டுக்கு இருபுறமும் ஓடும் இரண்டு நரம்புகளுக்கருகே லிடோகெயினைச் செலுத்துவதுதான் முறை. அதில் அட்ரினலின் கலக்கக் கூடாது. கலந்தால் இரத்தக் குழாய்கள் சுருங்கி, நுனிக்கு இரத்தம் போகாமல் சதை கெட்டுவிடலாம். மருந்தின் அளவைப் பிள்ளையின் நிறையைப் பார்த்தே கணக்கிட வேண்டும். பிள்ளையை முழுதாக மயக்குவதானால், வால் எலும்புக்கு மேலேயுள்ள துவாரம் வழியே போடும் ஊசி இடுப்புக்குக் கீழே பல மணிநேரம் விறைக்க வைக்கும்.

1997இல் டொரோன்டோவில் அன்னா டாடியோ குழுவினர் கண்டது இன்னும் உறுத்தும். வலிமருந்தின்றிச் சுன்னத்துச் செய்யப்பட்ட குழந்தைகள், 4 முதல் 6 மாதம் கழித்துத் தடுப்பூசி போடும்போதும் மற்றக் குழந்தைகளைவிட அதிகமாக அழுதன.

காத்தான்குடி வாப்பாமார் இப்போது பிள்ளையை வைத்தியரிடம் கூட்டிப் போகிறார்கள். அங்கே அவர்கள் விடாமல் கேட்க வேண்டியவை இரண்டு. ஊசி போட்ட பிறகு விறைக்கும்வரை சில நிமிடம் பொறுத்து, கிள்ளிப் பார்த்துத்தானே அறுக்கப்போகிறீர்கள்? விறைப்பு விடுவதற்கு முன்பே கொடுக்க, பிள்ளையின் நிறைக்கு எவ்வளவு பரசிட்டமோல்?