விலை குறைந்த வனம்

1942-ஆம் ஆண்டில் ‘ஜங்கிள் சைரன்’ என்ற படத்தை வெளியிட்ட பி.ஆர்.சி. ஸ்தாபனம், ஹாலிவுட்காரர்கள் ‘பாவர்ட்டி ரோ’ (வறுமை வீதி) என்று பரிகாசமாக அழைத்த சிறு முதலாளிகளின் கூட்டத்தைச் சேர்ந்தது. ஒரே டிக்கெட்டில் இரண்டு படங்கள் காட்டுவது அந்நாளைய அமெரிக்கக் கொட்டகைகளின் வழக்கம். முதற்படத்துக்கு வசூலில் பங்கு கிடைக்கும். துணைப்படத்துக்கோ முன்கூட்டிப் பேசிய சொற்பத் தொகைதான் வாடகை. ஆகவே, படம் எவ்வளவு நன்றாக அமைந்தாலும் வரும்படி உயராது என்பதை உணர்ந்த தயாரிப்பாளர்கள், செலவைச் சுருக்குவதொன்றையே லாபத்துக்கு மார்க்கமாகக் கொண்டனர்.

அவர்களுக்கு வனக்கதை ஒரு வரப்பிரசாதம். சில செடிகொடிகளும் ஓரிரு குடிசைகளும் இருந்தால் ஆப்பிரிக்கா தயாராகிவிடும். அதே ஆண்டில் அமெரிக்க யுத்த உற்பத்தி வாரியம், ஒரு படத்தின் செட்டுகளுக்கு 5,000 டாலருக்கு மேல் புதுச் சாமான்கள் உபயோகிக்கலாகாது என்று விதித்தபோது, பெருங்கம்பெனிகள் திகைத்தன. பாவர்ட்டி ரோவில் அந்தச் சிக்கனம் ஏற்கெனவே நித்தியானுஷ்டானமாக இருந்தது.

‘ஜங்கிள் சைர’னின் தயாரிப்பாளர் சிக்மண்ட் நியூஃபெல்ட். டைரக்டர் அவருடைய சகோதரர் சாம் நியூஃபீல்ட். கதாநாயகர் பஸ்டர் கிராப், 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் நீச்சலில் தங்கப் பதக்கம் பெற்று, மறு வருஷமே டார்ஸானாக நடித்தவர். வனத்தில் வளர்ந்த வெள்ளைக்காரப் பெண்ணாக வந்த ஆன் கோரியோ, பர்லெஸ்க் என்னும் கவர்ச்சி நடன மேடையில் பிரசித்தி பெற்றவர். சுதந்திர பிரெஞ்சுப் படைக்காக விமானத்தளம் அமைக்க இடம் பார்க்க வரும் அமெரிக்க எஞ்சினீயரையும், காட்டுவாசிகளைத் தூண்டிவிடும் நாஜி ஒற்றரையும் சுற்றியே கதை செல்கிறது.

இக்கதை முழுவதும் கற்பனையன்று. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள தக்கோராடியில் இறக்கிப் பொருத்தப்பட்ட போர் விமானங்கள், அக்கண்டத்தைக் குறுக்கே கடந்து கெய்ரோவுக்குப் பறந்துகொண்டிருந்த காலம் அது. அம்மார்க்கத்துக்குப் பெருந்துணையாக அமைந்த சாட் பிரதேசத்தை, 1940 ஆகஸ்டில் சுதந்திர பிரெஞ்சுத் தலைவர் டிகால் பக்கம் சேர்த்தவர், அதன் கவர்னர் ஃபெலிக்ஸ் எபுவே; அடிமைகளின் வம்சத்தில், பிரெஞ்சுக் கயானாவில் பிறந்த கறுப்பர்.

யுத்தம் பழைய வனக்கதையின் வில்லனுக்கு நாஜி வேஷம் கொடுத்ததேயன்றி, வெள்ளையர் வழிநடத்தக் கறுப்பர் பின்செல்வர் என்ற அதன் சம்பிரதாயத்தைத் தொடவில்லை. செட்டுகளின் வறுமைக்குப் பணமுடையைக் காரணம் காட்டலாம். எபுவேயைப் போன்ற ஒருவரைக் கதையில் சேர்ப்பதற்கோ ஒரு டாலரும் கூடுதலாகச் செலவாகியிராது.