பேராசிரியர்கள் கண்ட வட ஆற்காடு

ஆற்காட்டிற்குத் தெற்கே ஏரிப்பாசன வயல்களின் நடுவே அமைந்தது கலவை. அங்கிருந்து கிழக்கே காஞ்சிபுரத்தை நெருங்கினால் தூசி என்னும் கிராமம். தென்மேற்கே ஆரணி. வடமேற்கே பாலாற்றை ஒட்டி மேல்விஷாரம். இம்மூன்று ஊர்களுக்கும் நடுவே நின்று பார்த்தால், சமூகவியல் பேராசிரியர்கள் நம் பகுதியில் எதைத் தேடினார்கள், எதைத் தேடாமல் விட்டார்கள் என்பது ஒருவாறு விளங்கும்.

தூசியிலிருந்து தொடங்குவோம். சென்னைப் பல்கலைக்கழகம் இந்தியப் பொருளாதாரத்திற்கென முதன்முதலாக ஒரு பேராசிரியரை அமர்த்தியபோது, 1915இல், இங்கிலாந்திலிருந்து கில்பர்ட் ஸ்லேட்டர் வந்து சேர்ந்தார். இந்தியாவின் பொருளாதாரத்தைப் புத்தகங்களில் தேடுவதில் அவருக்கு நம்பிக்கையில்லை. மாணவர்களின் கையில் கேள்வித்தாள்களைக் கொடுத்து, அவரவர் அறிந்த கிராமங்களுக்கு அனுப்பினார். நிலம் எவ்வளவு, கடன் எவ்வளவு, கூலி என்ன, உணவு என்ன என்று எழுதி வரச் செய்தார். அந்த ஏடுகளைத் தொகுத்து 1918இல் வெளியிட்ட நூலில் வட ஆற்காட்டின் சார்பில் இடம்பெற்ற ஊர் தூசி. பின்னர் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறுமுறை ஆராய்ந்து 1940இல் நூலாக்கினர்.

இம்முறையில் ஒரு நுட்பம் உண்டு. எந்த ஊர்ப் பிள்ளை கல்லூரி ஏறினானோ, அந்த ஊரே ஏட்டில் ஏறியது! வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி தோன்றியது 1919இல். ஸ்லேட்டரின் நூல் வெளிவந்து ஓராண்டு கழித்து. அக்கல்லூரி மட்டும் சற்று முன்பே பிறந்திருந்தால், ஒரு தோல் ஊரும் அந்த நூலில் இடம்பெற்றிருக்கலாமோ என்று நான் எண்ணுவதுண்டு.

அடுத்து வந்தது நெல்லின் காலம். பசுமைப் புரட்சி உழவனுக்கு உண்மையிலேயே என்ன செய்தது என்று அறிய, கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பி.எச். ஃபார்மரின் தலைமையில் ஆய்வாளர்கள் 1973இல் வட ஆற்காட்டுக் கிராமங்களுக்கு வந்தனர். சென்னைப் பல்கலைக்கழகத்தாரும் உடன் உழைத்தனர். 1977இல் வெளியான அந்நூல் தன் தலைப்பிலேயே பசுமைப் புரட்சிக்கு ஒரு கேள்விக்குறி இட்டது. அக்குழுவில் ஒருவர் பார்பரா ஹாரிஸ் என்னும் இளம் பெண்மணி. நெல் வயலைவிட்டு வியாபாரி எங்கே போகிறான் என்று பின்தொடர்ந்த அவர், ஆரணிக் கடைத்தெருவிற்கு வந்து சேர்ந்தார். அரிசி ஆலை, மண்டி, தரகு, பட்டுத் தறி, கூலி என ஒவ்வொன்றாக விசாரித்தார். ஒருமுறை கேட்டுவிட்டுப் போனவரல்லர். பலமுறை திரும்பி வந்தார். ஆரணியின் நாற்பதாண்டு மாற்றங்களைக் கூறும் தொகுப்பு நூல் 2016இல் அவர் பதிப்பில் வெளிவந்தது. ஒரு சிற்றூரின் கடைத்தெருவுக்கு இத்துணைப் பொறுமையான வரலாறு வாய்த்தது நம் நாட்டில் அரிது.

நெல்லுக்கு வாய்த்தது தோலுக்கு வாய்த்ததா?

பல்லாவரத்துத் தமிழ் முஸ்லிம் வணிகர்களிடையே தங்கி, அமெரிக்க மானிடவியலாளர் மாட்டிசன் மைன்ஸ் எழுதிய நூல் 1972இல் வந்தது. பல்லாவரமும் தோல் ஊர்தான். ஆனால் அது சென்னையின் வாசல். ஆம்பூரும் வாணியம்பாடியும் பேரணாம்பட்டும் மேல்விஷாரமும் ஆய்வாளரின் கண்ணில் பெரிதாகப்பட்டது கிணற்று நீர் கெட்ட பிறகே. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட காலம் போய், பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு 1970களில் கட்டுப்படுத்தியதும், குரோம் முறை பெருகியது. பாலாற்றங்கரை நிலங்களில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் முழுமையாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்ற வேளாண் ஆய்வுக் கணக்கு உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் தீர்ப்பு வந்தது. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். ஜனகராஜன் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரை ஆராய்ந்தார். பிரெஞ்சு ஆய்வாளர் லொரேன் கென்னடி, தோல் முதலாளிகள் ஒன்றுகூடிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைத்த கதையை 1999இல் எழுதினார். (ஜனகராஜன் பணியாற்றிய அந்நிறுவனத்தை 1971இல் தோற்றுவித்த மால்கம் ஆதிசேஷையா 1910இல் வேலூரிலே பிறந்தவர் என்பதை நம்மவர் பலர் அறியார்.)

இவ்வாராய்ச்சிகளைக் குறைகூறுவது என் நோக்கமன்று. கிணறு கெட்ட உழவனின் முறையீடு நியாயமானது. அதை எழுதியவர்களுக்கு நாம் நன்றி கூறவேண்டும். ஆயினும் கழிவுநீரின் வழியாகவே அறியப்படும் ஒரு தொழிலின் வரலாறு பாதி வரலாறுதான். ஊறவைத்த தோலைச் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து இழுத்தவர் யார்? அவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்களாயிருக்க, முதலாளிக்கும் அவர்களுக்கும் முன்பணமும் கூலியும் எவ்வாறு ஓடின? சென்னைப் பெரியமேட்டு மண்டியில் கடன் எந்த நம்பிக்கையில் கைமாறியது? கடைத்தெருவில் தமிழும் வீட்டில் உருதுவும் பேசும் குடும்பங்கள் எப்போது, ஏன் அவ்வாறாயின? இக்கேள்விகளுக்கு விடை தேடினால் நமக்கு இனிக்காத செய்திகளும் வரும். வரட்டுமே!

தேடுவதற்கு இடமில்லாமலில்லை. தோல் வணிகத்தில் பொருளீட்டி வாரி வழங்கிய நவாப் சி. அப்துல் ஹக்கீம் சாஹிபின் பெயரால் 1965இல் மேல்விஷாரத்திலும், மழ்ஹருல் உலூம் என்ற பெயரால் 1969இல் ஆம்பூரிலும் கல்லூரிகள் எழுந்தன. 2002இல் வேலூருக்கென்றே திருவள்ளுவர் பல்கலைக்கழகமும் வந்துவிட்டது. ஸ்லேட்டரின் மாணவர்கள் விடுமுறையில் ஊருக்குப் போய்ச் செய்ததை, இங்குள்ள வரலாறு, பொருளாதார மாணவர்கள் மாலையில் வீடு திரும்பும் வழியிலேயே செய்யலாம்.

ஆனால் ஏடுகள் காத்திருப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பரின் பழைய மண்டி இடிக்கப்பட்டபோது சென்றிருந்தேன். துணி அட்டையிட்ட பேரேடுகள், லண்டன் தரகர்களின் கடிதக் கட்டுகள், ஆட்கூலிக் குறிப்புகள் ஆகியவை எடைக்குப் போட வாசலில் குவிந்திருந்தன. நான் கேட்டு வாங்கி வந்தவை இரண்டு பேரேடுகள். அவற்றின் சுருக்கெழுத்துக் கணக்கை எனக்குப் படித்துக்காட்டியவர் அந்த மண்டியின் முன்னாள் கணக்குப்பிள்ளை. எண்பதைத் தாண்டிய அவர், ஒவ்வொரு பெயரிலும் விரலை வைத்து, அவர் யார், எந்தத் தெரு, எத்தனை ரூபாய் பாக்கி என்று சொல்லிக்கொண்டே போனார். முதல் பேரேட்டில் பாதிதான் முடிந்திருக்கிறது.